திடலைத் தொலைத்தது பையன்கள் அல்ல

எங்கள் தோட்டத்து முன்னாள் மக்கள் ஒன்றுகூடலுக்கு ஒரு மலர் வெளியிட்டார்கள். அதில் அண்ணன் ஒருவர் காற்பந்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவர் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் சின்ன வயதில் அவர் காலுக்குப் பந்து வந்தால், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அந்த மரியாதை இன்றும் மனத்தில் இருக்கிறது. ஆனால் அவர் எழுதியது தவறு. படித்து மடித்து வைத்துவிடக்கூடிய தவறும் அல்ல. நம் பிள்ளைகள் மீது இல்லாத பழியைச் சுமத்துகிற தவறு. அதை அச்சில் ஏற்றி, வந்திருந்த குடும்பங்களுக்கெல்லாம் கையில் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் பதிலும் எழுத்தில் வருகிறது.

அவர் சொல்வது இதுதான். நம் சிலாங்கூர் மாநிலக் குழு நல்ல ஃபார்மில் இருக்கிறது, இரண்டாமிடத்துக்கு வந்துவிட்டது, அடுத்தது முதலிடம்தான். மேல் லீக்கிற்கு ஏற்றம், இறக்கம் என்ற பேச்சு சின்னக் குழுக்களுக்கு உரியது, நமக்கு அது தேவையில்லை. நம்மவர்கள் ஒரு குழுவைக் கட்டி ஏற்றிப் பார்த்தார்கள், அதைக் காப்பாற்றத் துப்பில்லை. கோலசிலாங்கூர் தோட்டங்களிலிருந்து இன்று ஒரு பையனும் மாநிலச் சட்டை போடவில்லை என்றால் அதற்கு அவர்களுடைய சோம்பேறித்தனமும் கைப்பேசியும் கெட்ட சகவாசமும்தான் காரணம். அந்தக் காலத்துப் பையனுக்கு வெறி இருந்தது, இந்தக் காலத்துப் பையனுக்கு அது இல்லை.

முதலில் ஃபார்ம். நானும் சிலாங்கூர் ரசிகன்தான். சிவப்பும் மஞ்சளும் எனக்கும் ரத்தத்தில் ஊறியவை. 2023இல் இரண்டாமிடம், 2024–25இல் மறுபடி இரண்டாமிடம், உண்மை. ஆனால் அந்த இரண்டாமிடத்தைத் தலையில் வைத்து ஆடுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாமா? லீக்கை நாம் கடைசியாக வென்றது 2010. எஃப்.ஏ. கிண்ணம் 2009. 33ஆவது மலேசியக் கிண்ணம் 2015 டிசம்பரில், கெடாவைத் தோற்கடித்து. அதற்கடுத்த ஆண்டு அதே கெடாவிடம் இறுதியாட்டத்தில் பெனால்டியில் தோற்றோம். 2022 இறுதியாட்டத்தில் ஜோகூரிடம் தோற்றோம். 2014இல் தொடங்கி 2024–25 வரை லீக்கைத் தொடர்ந்து பதினோரு முறை ஒரே குழு, ஜோகூர் டாருல் தாக்சிம், கொண்டுபோயிருக்கிறது. இதை நல்ல ஃபார்ம் என்று எழுதுகிறவர், தன் குழுவை நேசிக்கிறார் என்று நான் ஒப்புக்கொள்ளத் தயார். தன் குழுவைப் பார்க்கிறார் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது, ஏற்றம் என்ற பேச்சு நமக்குத் தேவையில்லை என்கிறாரே, அங்கேதான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணே, 2005ஐ எப்படி மறந்தீர்கள்? அந்த ஆண்டு சிலாங்கூர் எந்த லீக்கில் இருந்தது? சூப்பர் லீக்கிலா? இல்லை. இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் கிடந்தது. மலாயாக் கிண்ணம் 1921இல் தொடங்கி, அதற்கடுத்த ஆண்டே அதை வென்ற மாநிலம், மெர்டேக்கா அரங்கத்தைச் சொந்த வீடுபோல வைத்திருந்த மாநிலம், இரண்டாம் நிலையில் ஆடியது. டோல்லா சாலே பயிற்றுநர். இந்தோனேசியாவிலிருந்து பம்பாங் பமுங்காசும் எலி ஐபோயும் வந்தார்கள். அந்த ஒரே பருவத்தில் பிரிமியர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் எடுத்தோம். மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பெர்லிசுக்கு எதிராக 3–0, மூன்றும் பம்பாங் போட்டது. சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில் நாம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் பார்த்தோம். மூன்றாவது கோல் விழுந்தபோது நீங்கள் எழுந்து நின்ற வேகத்தில் தேநீர்க் குவளை கவிழ்ந்து, என் சட்டையெல்லாம் கறை.

அன்று நாம் மேலே வந்தது, மேலே வர ஒரு படி இருந்ததால். கீழே விழுந்த பெரிய குழுவையும் கீழேயே பிறந்த சின்னக் குழுவையும் அட்டவணை ஒன்றுபோல நடத்தியது. புள்ளி எடுத்தால் ஏறலாம், எடுக்காவிட்டால் இறங்க வேண்டும். 2022 பருவம் முடிந்ததும் அந்தப் பிரிமியர் லீக்கையே எடுத்துவிட்டார்கள். 2023இலிருந்து சூப்பர் லீக் மட்டும்தான். அதற்குக் கீழே 2024–25இல் ஏ1 அரைத்தொழில்முறை லீக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆனால் அட்டவணையில் கடைசியில் நின்றதற்காக இறங்குவது என்பது போயே போய்விட்டது. யார் இருப்பது, யார் போவது என்பதை இன்று தீர்மானிப்பது உரிமமும் கடனும்தான். தன் குழுவே ஒரு காலத்தில் ஏறி வந்த படியை அகற்றிவிட்டார்கள் என்பதைப் பற்றி அண்ணனின் நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பேச்சே தேவையில்லை என்று மட்டும் எழுதுகிறார். தேவையிருந்தது, அண்ணே. நமக்கே தேவையிருந்தது.

இனி, நம்மவர்கள் கட்டிய குழு என்று அண்ணன் சொல்லும் மீஃபா. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு, எம்.ஐ.எஸ்.சி.–மீஃபா என்ற பெயரில் மூன்றாம் நிலையான எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடியது. 2016 பருவத்தின் முடிவில் பிரிமியர் லீக்கிற்கு ஏறியது. 2018 பருவத்தின் முடிவில் சூப்பர் லீக்கிற்கு ஏறியது. பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, 2019, 2020, 2021, 2022 என்று நான்கு பருவம் ஒருமுறைகூட இறங்காமல் நின்றது. கடைசி இரண்டு பருவமும் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல், உள்நாட்டுப் பையன்களை மட்டும் வைத்து ஆடியது. மற்றக் குழுக்களெல்லாம் பிரேசிலிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆள் கொண்டுவந்த லீக்கில் இது நடந்தது. பிறகு 2022 முடிவில் லீக்கை விட்டு விலகிக்கொண்டது.

இதைத்தான் அண்ணன் காப்பாற்றத் துப்பில்லை என்கிறார். அரங்கத்துக்கு நம்மவர்கள் போகவில்லை, அதனால் குழு செத்தது என்கிறார். கூட்டம் குறைவு என்பது உண்மை. நான் போன இரவுகளிலும் இருக்கைகள் காலியாகத்தான் கிடந்தன. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் கூட்டம்தான் குழுவைக் காப்பாற்றும் என்றால் பேராவுக்கு என்ன ஆயிற்று? 2018இல் மலேசியக் கிண்ணம் தூக்கிய குழு, ஈப்போ முழுவதும் பின்னால் நின்ற குழு, 2025இல் லீக்கை விட்டே போய்விட்டது. கெடாவுக்கு என்ன ஆயிற்று? 2016இல் நம்மைத் தோற்கடித்துக் கிண்ணம் வாங்கிய கெடாவுக்கு, அலோர் ஸ்டாரில் அத்தனை ரசிகர்கள் இருந்தும், அதே 2025இல் உரிமம் கிடைக்கவில்லை. மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 பருவத்துக்கான உரிமத்தை இழந்தன. இவையெல்லாம் தமிழ்க் குழுக்களா? பேரா ரசிகனுக்கும் வெறி இல்லை, கெடா ரசிகனுக்கும் துப்பில்லை என்று அண்ணன் எழுதுவாரா? எழுத மாட்டார். மலேசியக் காற்பந்தில் பணக் கணக்கு பல ஆண்டுகளாகவே ஓட்டைப் பானை. எல்லாரையும் மூழ்கடித்த அந்த ஓட்டையைத் தமிழன் மூழ்கும்போது மட்டும் தமிழனுடைய குணம் என்று எழுதுவது நியாயமே இல்லை.

ஆனாலும் இவையெல்லாம் இரண்டாம்பட்சம். என் கோபம் முழுவதும் அவருடைய கடைசிப் பக்கத்தின் மீதுதான். வெறி இல்லாத தலைமுறை என்கிறாரே, அந்தப் பக்கத்தின் மீது.

அவர் காலத்து வெறி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு, பெயர் கூப்பிடுவார்கள். இருட்டோடு இருட்டாக நிரைக்குப் போய், உளியை வைத்து மரத்துக்கு மரம் வெட்டி, மங்கு நிறைந்ததும் திரும்ப வந்து பாலைச் சேர்த்து, காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டால் மத்தியானத்தோடு வேலை முடிந்தது. குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண் அசந்து எழுந்தால் ஐந்து மணி. ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். திடல் எங்கே? நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து கூப்பிடு தூரம். கோயில் ஒரு பக்கம், ஆயாக் கொட்டகை ஒரு பக்கம், நடுவில் திடல். அப்பாவும் மகனும் ஒரே குழுவில் ஆடினார்கள். கணக்கு எழுதும் கிராணி கோல்காவலராக நின்றார். ஆண்கள் மட்டுமே முப்பது நாற்பது பேர் மாலையில் சும்மா இருக்கும் இடத்தில், கூப்பிட்டதும் இரண்டு குழு சேர்ந்துவிடும். பெருநாள் காலத்தில் ஒன்பது பேர் போட்டி என்றால் ஜெராமிலிருந்து, ஈஜோக்கிலிருந்து, சுங்கை திங்கியிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குவார்கள். அந்த வெறி உங்கள் ரத்தத்தில் மட்டும் ஊறியதல்ல, அண்ணே. வேலை நேரமும் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த புல்லும் கூட்டாளிகளின் எண்ணிக்கையும் சேர்ந்து கொடுத்தது அது.

அந்தப் புல்லையும் கூட்டாளிகளையும் கொண்டுபோனது செம்பனை. இந்த நாட்டிலேயே வாணிகத்துக்கான முதல் செம்பனை நடவு நம் மாவட்டத்தில்தான். 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில், ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுத் துரை நட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எங்கு பார்த்தாலும் செம்பனை என்றானபோது, தோட்டத்தில் ஆள்கணக்கு சரிந்தது. பால்மரத்துக்குத் தினம் கை வேண்டும். செம்பனைக் குலைக்கு அத்தனை கை வேண்டாம். வேண்டிய கைகளுக்கும் குத்தகைக்காரர் வழியாக வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தது. மிச்சமிருந்த நிலத்தில் வீடமைப்பு வந்தது. லயம் உடைந்தது. குடும்பங்கள் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் கிள்ளான், ரவாங் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறின. பத்தாங் பெர்ஜுந்தைக்கே 2007இல் பெயர் மாறி பெஸ்தாரி ஜெயா ஆனது. எங்கள் திடலில் இன்று செம்பனை நிற்கிறது. கோல்கம்பம் இருந்த இடத்தில் நிற்கும் மரத்தை நான் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நீங்கள் போயிருக்கிறீர்களா?

அடுக்குமாடியின் நாலாவது மாடியில் வளர்கிற பையன் மாலை ஐந்து மணிக்கு எங்கே போய் ஆடுவான்? கீழே வண்டிகள் நிற்கின்றன. பக்கத்திலிருக்கும் ஃபுட்சால் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. அப்பா காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினால் இரவுதான் வருகிறார். அவனுக்குப் பந்தை எப்படி அடக்குவது என்று காட்டித் தர ஒரு மாமா இல்லை, சித்தப்பா இல்லை. கையில் கைப்பேசிதான் இருக்கிறது. திடல் இருந்த காலத்தில் உங்கள் கையில் பந்து இருந்தது, அதனால் நீங்கள் உத்தமர். திடல் இல்லாத காலத்தில் அவன் கையில் கைப்பேசி இருக்கிறது, அதனால் அவன் சோம்பேறியா?

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு அவனைத் தெரியும். இடது கால்காரன். பதினைந்து வயதில் மாவட்டத் தேர்வில் எடுத்தார்கள், பிறகு நகரத்தில் இளையோர் பயிற்சிக்கும் பெயர் வந்தது. வாரத்துக்கு மூன்று மாலை. வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. போவதற்குப் பேருந்து உண்டு, பயிற்சி முடிந்து திரும்புவதற்குள் கடைசிப் பேருந்து போய்விடும். முதல் இரண்டு வாரம் அப்பா யாரிடமோ மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கிப் போய்க் கூட்டி வந்தார். நள்ளிரவில் வந்து படுத்து, நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனார். மூன்றாவது வாரம் மழை, வண்டி சறுக்கி அப்பாவுக்கு மணிக்கட்டு பிசகியது. அந்தக் கையோடு உளி பிடிக்க முடியாது. தம்பி இரண்டு பயிற்சிக்குப் போகவில்லை. மூன்றாவதுக்குப் போனபோது, பொறுப்பில் இருந்தவர் எல்லார் முன்னாலும், ஆர்வம் இல்லாதவனுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிப் பெயரை அடித்துவிட்டார். அவன் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லை. ஈரமான பூட்சுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் சுருட்டித் திணித்து, வடிவம் கெடாமல் அடுப்புப் பக்கத்தில் வைத்தான். மறுநாளும் அப்படியே வைத்தான். அதற்கு மறுநாளும். பிறகு ஒரு நாள் பூட்ஸ் அங்கே இல்லை.

அண்ணே, உங்கள் கட்டுரையில் வரும் ஆர்வம் என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அந்தப் பயிற்சித் திடலில் ஒலித்த குரல்தான் கேட்டது. அது வேறு யாரோ ஒருவருடைய குரல் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நம் தோட்டத்து மலரிலேயே அதைப் படிப்பேன் என்று நினைக்கவில்லை.

நம்மவர்களால் முடியும் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. 1980 ஏப்ரல் 6ஆம் தேதி மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2–1 என்று தோற்கடித்து மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது கோல் வாசலில் நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக நாடே ஸ்பைடர்மேன் என்று அழைத்த மனிதர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அவருக்கு அந்த மேடை கிடைக்காமலே போனது. நாம் கடைசியாக லீக்கை வென்ற 2009, 2010 இரண்டு ஆண்டுகளிலும் சிலாங்கூரின் பயிற்றுநர் கே. தேவன். அதே 2010இல் இந்தோனேசியாவைச் சொந்த மண்ணில் 3–0 என்று தோற்கடித்து, ஜாகர்த்தாவில் 1–2 என்று தோற்றும் ஆசியான் வாகை சூடிய தேசியக் குழுவுக்குப் பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்தக் குழுவில் கே. குருசாமியும் எஸ். குணாளனும் இருந்தார்கள். 2010 என்பது என்ன புராண காலமா? நீங்கள் சொல்லும் வெறியற்ற தலைமுறையின் அண்ணன்மார் காலம். பதினைந்து ஆண்டுகளில் ஒரு இனத்தின் ரத்தம் மாறிவிடாது. பிள்ளைகளைச் சுற்றியிருப்பது மாறும். அது மாறியிருக்கிறது.

சுற்றியிருப்பதைக் காத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அயர்லாந்தில் கேலிக் காற்பந்து என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. கையாலும் ஆடுவார்கள், காலாலும் ஆடுவார்கள். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1884இல் தொடங்கிய சங்கம் அதை நடத்துகிறது. அங்கே மாவட்ட அணிகள் லீக்கில் நான்கு பிரிவாக ஏறி இறங்குகின்றன. நம் அண்ணனைப்போன்ற ரசிகர்கள் அங்கேயும் ஒவ்வொரு வசந்தத்திலும் தங்கள் மாவட்டத்தின் ஃபார்ம் என்ன, மேலே ஏறுமா என்று மதுக்கடைகளில் சண்டை போடுகிறார்கள். லீட்ரிம் போல முப்பத்தைந்தாயிரம் பேர் மட்டும் வாழும் மாவட்டத்துக்கும் அணி உண்டு. காரணம், ஏறக்குறைய ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும், நம் கணக்கில் ஒவ்வொரு கோயிலடிக்கும், ஒரு மன்றம் உண்டு. பெரும்பாலான மன்றங்களுக்குச் சொந்தத் திடல் உண்டு. பத்திரம் ஆட்டத்தை நடத்துகிறவர்கள் கையில். மாவட்ட அணி நான்காம் பிரிவில் விழுந்தாலும், அடுத்த நாள் மாலை ஏழு வயதுப் பிள்ளைகள் அந்தத் திடலில் ஆடிக்கொண்டிருப்பார்கள். நமக்கு ஒரு நூற்றாண்டு திடல் இருந்தது. பத்திரம் நம் கையில் இருந்ததே இல்லை. துரை கொடுத்தார், கம்பெனி எடுத்துக்கொண்டது. நாம் வியர்வை சிந்திய புல்லில் ஒரு சாண்கூட நம்முடையதாக இருக்கவில்லை. கோபப்படுவதற்கு இது இருக்கிறது, அண்ணே. பதினைந்து வயதுப் பையன் மீது அதைக் கொட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாமும் கைகட்டி நின்றோம். லயத்தை உடைத்தபோது வீட்டுக்காகப் பேசினோம், கோயிலுக்காகப் பேசினோம், தமிழ்ப் பள்ளிக்காகப் பேசினோம். அவற்றுக்காகப் பேசியது சரிதான். திடலுக்காக ஒரு மனு எழுதினோமா? எனக்குத் தெரிந்து எங்கள் தோட்டத்தில் எழுதவில்லை. அப்போது நீங்கள் முப்பதைத் தாண்டியவர், குழுவின் தலைவர். எனக்கு இருபது. எனக்கும் அது தோன்றவில்லை. அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது, மறுக்க மாட்டேன். ஆனால் அதில் அப்போது பிறக்காத பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு பள்ளித் திடலில் பதினெட்டு இருபது பையன்கள் ஆடுகிறார்கள். பக்கத்துத் தாமான் பிள்ளைகள், இரண்டு மூன்று பேர் இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள். கோல்கம்பத்துக்கு வலை இல்லை, கோடு போடச் சுண்ணாம்பும் இல்லை. எட்டு பேரிடம்தான் பூட்ஸ் இருக்கிறது, முதல் பாதி ஒருவன், மறுபாதி இன்னொருவன் என்று மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் லாரி ஓட்டுகிறார். இடது கால்காரர். ஐந்து மணிக்குத் தொடங்குவார்கள். வாருங்கள், அண்ணே. அந்த மலரை எடுத்து வந்து, அந்தக் கடைசிப் பக்கத்தை அவர்களுக்கு முன்னால் நின்று உங்கள் வாயாலேயே படித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் நாலு ஜோடி பூட்ஸ் வாங்கி வாருங்கள். அளவு ஏழும் எட்டும் வேண்டும்.